பிரேக்கக்காவும் நாற்பது கால் பூரானும்

வலது காலால் தரையை ஓங்கி அமுக்குகிறார் பிரேக்கக்கா. வீட்டில்தான், கணினி மேசைக்கு அடியில், எந்த பிரேக்கும் இல்லாத இடத்தில். திரையில் ஏதாவது கோணலாக ஓடினால் போதும், கால் தானாகப் போய் அமுக்கிவிடும். அந்த ஒரு இடத்தில் மட்டும் தரை பளபளப்பு போய்விட்டதே என்று அக்காவின் வீட்டுக்காரர் ஒரு கால்மிதி வாங்கிப் போட்டார். ஆறே மாதத்தில் அதன் நடுவில் ஓட்டை. பேருந்தில் போனாலும் இதே கூத்துதான். போன வருஷம் பல் பிடுங்கிக்கொள்ளப் போன இடத்தில், டாக்டர் ஊசியோடு குனிந்ததும் அக்கா அமுக்கிய அமுக்கில் நாற்காலியின் கால்பலகை கழன்று விழுந்துவிட்டது.

இருபத்திரண்டு வருஷமாக கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளியில் ஆசிரியை. கற்றுக்கொள்பவர் பக்கம் மூன்று பெடல், அக்கா பக்கம் ஒரே ஒரு பிரேக். அந்த ஒன்றை வைத்துக்கொண்டு எத்தனையோ மதில்களையும் இரண்டு தபால் பெட்டிகளையும் காப்பாற்றியிருக்கிறார். பெயர் வந்ததும் அதனால்தான். "ஸ்டியரிங்கைப் பிடிங்க, அது கழுத்தை நெரிக்காதீங்க" என்பார். "கண்ணு ரோட்டுல இருக்கட்டும். உங்க மூஞ்சி அழகாத்தான் இருக்கு, கண்ணாடியில அடிக்கடி பாக்க வேணாம்" என்பார். தப்பு என்று ஒன்று கண்ணில் பட்டால் அக்காவுக்குச் சோறு இறங்காது. கடைப் பலகையில் எழுத்துப்பிழை இருந்தால் உள்ளே போய்ச் சொல்லிவிட்டுத்தான் மறுவேலை. அந்தக் கடையில் அவருக்கு வாங்க ஒன்றும் இருக்காது.

ஆனால் நடிக்க உட்கார்ந்தால் ஆளே வேறு. மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவியதும், பள்ளி அலுவலகத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்து, காலையில் வந்தவர்களை ஒவ்வொருவராக ஓட்டிக் காட்டுவார். இண்டிகேட்டர் போடுவதாக நினைத்து வைப்பரைப் போட்டுவிட்டு, கொளுத்தும் வெயிலில் அது ஆடுவதைக் கண்டு "ஐயையோ!" என்று தலையைக் குனிந்துகொள்கிற வங்கி மேலாளர். ரிவர்ஸ் எடுத்து முடிக்கும் வரை மூச்சையே விடாத தையல்காரம்மா. சும்மா சொல்லக்கூடாது, அச்சு அசல் அப்படியே இருக்கும். ஒருநாள் வங்கி மேலாளரே வாசலில் நின்று பார்த்துவிட்டு, தான்தான் என்று தெரியாமல், "யாருங்க இந்த லூசு?" என்று கேட்டார்.

சாயங்காலம் வீடு வந்ததும் இதே வேலையை மெஷின்களுக்குச் செய்கிறார். இதற்கு எமுலேட்டர் என்று பெயர். ஒன்றும் தெரியாதவர்களுக்கு அக்கா சொல்லும் விளக்கம் இது: "பழைய கம்ப்யூட்டர் செத்துப்போச்சு. இந்தப் புதுக் கம்ப்யூட்டரை உக்கார வச்சு, 'இன்னைலேர்ந்து நீதான் அது, அதே மாதிரி நட'ன்னு சொல்றேன். அது பாவம், கேட்டுக்குது."

எல்லாப் பழைய கம்ப்யூட்டர்களும் அல்ல. அக்காவின் கண் விழுந்தது ஒரே ஒரு சிப்பின் மேல். கறுப்பாக, நீளமாக, பக்கத்துக்கு இருபதாக நாற்பது கால். அதற்கு ஏதோ எண்தான் பெயர். அக்கா வைத்த பெயர் பூரான். செய்த கம்பெனி எப்போதோ கடையைக் கட்டிவிட்டது. பூரானை மூளையாக வைத்து வந்தவை மொத்தமே நாலு: பள்ளிக்கூடங்களுக்கு ஒரு கம்ப்யூட்டர், வீட்டு டி.வி.யில் மாட்டுகிற மாதிரி இரண்டு, விளையாட்டுப் பெட்டி ஒன்று. "நாலும் பங்காளிங்க" என்பார் அக்கா. "மூளை ஒண்ணுதான். ஆனா ஒருத்தன் வீட்டுக் கேசட்டு இன்னொருத்தன் வீட்டுல ஓடாது. ஒருத்தன் முகத்துல இன்னொருத்தன் முழிக்க மாட்டான்."

பழைய சாமான் கடையில் உயிரோடு ஒரு பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர் அகப்பட்டதில் தொடங்கியது இந்தப் பைத்தியம். பதினொரு மாதத்தில் மூன்று பங்காளிகள் கணினித் திரையில் எழுந்து நடந்தார்கள். முதல் பங்காளியோடு மல்லுக்கட்டும்போதே அக்கா ஒன்றைக் கண்டுபிடித்தார். பூரானின் நினைவகம் ஒரு நோட்டுப் புத்தகம் மாதிரி பக்கம் பக்கமாகப் பிரிந்தது. ஒரு எண்ணின் முதல் பாதி ஒரு பக்கத்தின் கடைசி வரியில் இருந்தால், மறுபாதியை அடுத்த பக்கத்தின் முதல் வரியில் படிக்க வேண்டும். கையேடும் அப்படித்தான் சொல்கிறது. பூரானோ பக்கத்தைத் திருப்புவதில்லை. பழையபடி அதே பக்கத்தின் உச்சிக்கு ஓடி, அங்கே இருப்பதைப் படித்துவிட்டு, எல்லாம் சரியாக நடந்த மாதிரி நிற்கும். "பக்கம் திருப்பத் தெரியாதா உனக்கு? தடிமாடே!" என்று காலை அமுக்கிய அக்கா, தன் எமுலேட்டரில் பக்கம் திருப்ப ஏற்பாடு செய்தார். திருத்திய வரிக்கு அருகே ஒரு குறிப்பும் எழுதிவைத்தார்: 'பூரானின் அசட்டுத்தனம். திருத்தியாச்சு.' மூன்று பங்காளிகளுக்கும் அதனால் ஒரு குறையும் வரவில்லை. அக்காவும் அதை மறந்துபோனார்.

இனி வீட்டுக்காரர். கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவர். "எந்த எழுத்து தெரியுது, சொல்லுங்க" என்று நாள் முழுக்கக் கேட்டு, சொல்வதை அப்படியே நம்பி எழுதிக்கொள்வது அவர் தொழில். அவருக்குத் தெரிந்ததை நம்பத்தான் நாற்பது வருஷமாக ஆளில்லை. அவர் பிறந்த வீட்டில் அவர் பெயர் ரீல். அண்ணனுக்கு ரீலு, அண்ணன் பிள்ளைகளுக்கு ரீல் சித்தப்பா.

காரணம் ஒரு நண்டு. பூரான் மூளை வைத்த அந்த விளையாட்டுப் பெட்டி சின்ன வயதில் அவர்கள் வீட்டில் இருந்தது. அதில் ஒரு நண்டு பத்து மாடிக் கட்டடத்தில் ஏறி இறங்கிக் குடை பொறுக்கும். ஏழாம் மாடியில், இடது பக்கச் சுவரோரம் நண்டை நிறுத்தி, விடாமல் இடதுபக்கமே தள்ளினால் நண்டு சுவருக்குள் போய்விடும் என்றார் ரீல். உள்ளே ஒரு அறை. அங்கே இன்னொரு நண்டு உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கும்.

அண்ணனுக்கு அன்றைக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது. "பேப்பர்ல என்னடா போட்டிருந்துச்சு?" என்று கேட்டார். தம்பி காட்டுகிறேன் என்று பெட்டியை எடுத்து வைத்தபோது, அதே அண்ணன் கைதவறி டீயைக் கொட்டினார். பெட்டி அத்தோடு சரி. சாட்சியைக் கொன்றவரே நீதிபதி! நாற்பது வருஷமாக, வீட்டில் நாலு பேர் கூடினால் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "பேப்பர்ல என்னடா போட்டிருந்துச்சு?" கல்யாணமான புதிதில் அக்காவும் கேட்டிருக்கிறார். கேட்டு, விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்.

நல்லவேளை, பெட்டியில் செருகுகிற, விளையாட்டு இருந்த சீட்டுக்கட்டு சைஸ் கேட்ரிட்ஜ் டீக்குத் தப்பி ஒரு மேசை இழுப்பறையில் கிடந்தது. அதில் இருந்ததை அக்கா எழுத்தெழுத்தாகப் படித்து எடுத்தார். நாலாவது பங்காளியும் எழுந்து நின்றான். திரையில் நண்டு வந்தது. வீட்டுக்காரர் ஏழாம் மாடிக்கு ஏறினார், சுவரோரம் போனார், இடதுபக்கம் தள்ளினார்.

டொக்.

மறுபடியும் தள்ளினார். டொக். டொக். சுவர் சுவராகவே நின்றது.

"நான் பாத்தேன்" என்றார் அவர்.

"பாத்திருப்பீங்க. கனவுல" என்றார் அக்கா. வாய் சும்மா இருக்கவில்லை. "மெஷின் பொய் சொல்லாதுங்க."

அவர் எழுந்து குளிக்கப் போனார்.

அதற்குப் பிறகு ஒன்பது நாள் அந்த வீட்டில் கதையே இல்லை. ரீல் என்று சும்மாவா பெயர் வரும்? தினமும் கடையிலிருந்து ஒரு கதையோடுதான் வருவார். கண் பரிசோதனைப் பலகையைக் கிளி மாதிரி மனப்பாடம் பண்ணி வந்த லாரி டிரைவர், மூக்குக் கண்ணாடியை மூக்கிலேயே வைத்துக்கொண்டு காணோம் என்று சண்டைக்கு வந்த வாத்தியார். பாதிக்கு மேல் புளுகாகத்தான் இருக்கும். "கொஞ்சம் மூச்சு விடுங்களேன்" என்று அக்காவே கும்பிட்டிருக்கிறார். இப்போது அக்கா வலியப்போய்க் கேட்டார்: "இன்னைக்குக் கடையில என்ன விசேஷம்?"

"ஒண்ணுமில்லம்மா. நாலு பேர் வந்தாங்க."

நாலு பேர் வந்தார்களாம்! கட்டின மனுஷனைப் பொய்யன் என்று நிரூபிக்கவா பதினொரு மாதம் முதுகு ஒடிய உட்கார்ந்தோம் என்று அக்கா தன்னையே திட்டிக்கொண்டார். எழுதியதை முதலிலிருந்து வரிவரியாகச் சரிபார்த்தார். ஒரு தப்பும் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

பத்தாம் நாள் சாயங்காலம், அவரைச் சிரிக்கவைக்க அக்கா கடைசி ஆயுதத்தை எடுத்தார். கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து வங்கி மேலாளரை ஓட்டிக் காட்டினார். வைப்பர் ஆடியது, தலை குனிந்தது, "ஐயையோ!" வந்தது. வீட்டுக்காரர் உதட்டைக் கடித்துப் பார்த்தார், முடியவில்லை, சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே, "பாவம்மா அந்தாளு. இவ்ளோ நடிக்கிறியே, அந்த வைப்பரையாவது சரிபண்ணிக் காட்டக் கூடாதா?" என்றார்.

"சரிபண்ணிக் காட்டினா அது அவரு இல்லையே!" என்றார் அக்கா.

சொன்ன வாய் திறந்தபடியே நின்றது. வைப்பர் போட்ட கை அந்தரத்தில் நின்றது.

"என்னம்மா? புடிச்சுக்கிச்சா?"

அக்கா மேசைக்கு ஓடினார். ஏழாம் மாடியில் சுவர் எங்கே இருக்கிறது என்ற விவரம் கேட்ரிட்ஜில் எங்கே எழுதியிருக்கிறது என்று தேடினார். கிடைத்தது. முதல் பாதி ஒரு பக்கத்தின் கடைசி வரியில். மறுபாதி அடுத்த பக்கத்தின் முதல் வரியில். அட என் மடச் சாம்பிராணியே, என்றார். பூரானைச் சொல்லவில்லை. ஊரார் தப்பையெல்லாம் தப்பாமல் நடித்துக்காட்டுகிறவர், பூரானை மட்டும் நல்ல பிள்ளையாக்கி உட்காரவைத்திருக்கிறார்! 'திருத்தியாச்சு' என்று எழுதிய இடத்தைத் தேடிப்போய், திருத்தத்தை அழித்தார்.

உடனே ஓட்டிப் பார்த்திருக்கலாம். விரல் துடிக்கத்தான் செய்தது. ஆனால் அதை முதலில் பார்க்க வேண்டிய கண் தன்னுடையது இல்லை என்று தோன்றியது. பார்க்காமலே போனை எடுத்து, வீட்டுக்காரரின் அண்ணனைக் கூப்பிட்டார். "ஞாயித்துக்கிழமை வாங்க அத்தான். நண்டு வந்திருக்கு." காரை ஒரு தெரு தள்ளி நகர்த்துவதற்குக் கூட டயரை நாலு தரம் தட்டிப் பார்க்கிறவர் செய்த காரியம் இது.

"அவரை எதுக்குக் கூப்பிட்ட?" வீட்டுக்காரர் கேட்டார். "நாப்பது வருஷம் கேட்டது போதாதா? மறுபடி டொக்குன்னா நான் எங்க போய் மூஞ்சிய வச்சுக்குவேன்?"

"என் மூஞ்சிக்குப் பக்கத்துல வச்சுக்கங்க" என்றார் அக்கா. தைரியமாகத்தான் சொன்னார். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு அக்காவுக்கும் இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அண்ணன் வந்தார். உள்ளே நுழையும்போதே, "டேய் ரீலு, நண்டு சௌக்கியமா?" என்றார். அக்கா அவருக்கு டீ கொடுத்து, மேசையிலிருந்து நாலடி தள்ளி உட்காரவைத்தார். வீட்டுக்காரர் திரைக்கு முன்னால், பக்கத்து நாற்காலியில் அக்கா. நண்டு கிளம்பியது. ஒன்றாம் மாடி, இரண்டாம் மாடி. அக்காவின் வலது கால் கால்மிதியின் ஓட்டைக்குள் போய் அமுக்க ஆரம்பித்தது. நாலாம் மாடியில் நண்டு விழப் பார்த்தது; அக்கா அமுக்கிய அமுக்கில் மேசையே குலுங்கியது. ஏழாம் மாடி. சுவரோரம். வீட்டுக்காரர் ஒரு முறை அக்காவைப் பார்த்தார். பிறகு இடதுபக்கம் தள்ளினார்.

டொக் வரவில்லை.

நண்டின் ஒரு கொடுக்கு சுவரில் புதைந்தது, பிறகு பாதி நண்டு, பிறகு முழு நண்டு. திரை ஒரு தரம் கண்ணடித்தது. உள்ளே ஒரு அறை. கோணல்மாணலான அறை. நடுவில் ஒரு நண்டு. அதன் முகத்துக்கு முன்னால், அகலமாக விரித்துப் பிடித்தபடி, வெள்ளையாக ஏதோ ஒன்று.

அக்காவுக்கு அது என்ன என்று புரிந்துவிட்டது. பூரான் தப்பான பக்கத்தில் படித்ததால் வந்த அள்ளித்தெளித்த கோலம். இரண்டு அரைக்குடைகள் தலைகீழாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பேப்பரும் இல்லை, கீப்பரும் இல்லை. "அது வந்துங்க…" என்று வாய் வரைக்கும் வந்தது.

அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்து வந்தார். டீயை எட்டத்தில் வைத்துவிட்டு வந்தார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, தம்பியின் தோளைப் பிடித்தபடி திரைக்குக் கிட்டத்தில் குனிந்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"பேப்பர்ல என்னடா போட்டிருக்கு?" என்றார். அந்தக் கேள்வி அவர் வாயிலிருந்து நாற்பது வருஷத்தில் முதல் தடவையாகச் சிரிப்பில்லாமல் வந்தது.

"படிச்சுக் காட்டவா?" என்றார் தம்பி. கண் கலங்கியிருந்தது, ஆனால் தொண்டையைச் செருமிக்கொண்டு, தலைப்புச் செய்தியிலிருந்து ஆரம்பித்துவிட்டார்.

அக்கா வாயை மூடிக்கொண்டு, கால்மிதியின் ஓட்டையை விட்டு, இரண்டு கால்களையும் தூக்கி நாற்காலியின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.