கடைசி நாற்பது மீட்டர்

1989 ஜனவரி ஐந்தாம் தேதி, வியாழக்கிழமை, மெக்கானிக் பாரூக் சவூதிக்குப் புறப்பட்டார். திருப்பூர் ஸ்டேஷனில் அவர் வீட்டார் பதினோரு பேர். எங்கள் பக்கம் அப்பா ரத்தினசாமி, அப்பாவின் தங்கை முத்தாத்தாள் அத்தை, நான். ரயில் வந்து நின்ற பிறகும் பாரூக் அத்தையிடம் காரைப் பற்றித்தான் பேசினார்.

"கார்ப்பரேட்டரத் திருகாதீங்க அக்கா. டைமிங்கத் தொடாதீங்க. அப்பறம் அந்த..." பக்கத்தில் நின்ற அப்பாவைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். "அப்பறம் ஒண்ணுமில்லீங்க. போயிச் சொல்லியுடறன்."

நல்லூரில் அப்பாவுக்கு, பனியன் துணி பின்னும் ஆறு மிஷின் கொண்ட நிட்டிங் யூனிட். அத்தைதான் அங்கே ஃபிட்டர். பதினாறு வயதில் துணி செக்கிங்குக்கு வந்தவர், மிஷின் ஓடும் சத்தத்தை வைத்தே எந்த ஊசி போயிருக்கிறது என்று சொல்லக் கற்றுக்கொண்டார். பொங்கலூர் விவசாயி வெள்ளியங்கிரி மாமாவைக் கட்டிக்கொண்ட ஏழாம் நாள், யாரையும் கேட்காமல் டிராக்டரை எடுத்துக்கொண்டு கிணற்றைச் சுற்றி வந்தாராம். மாமா பின்னாலேயே ஓடினாராம், கியர் மாற்றச் சொல்லிக்கொடுக்க.

அப்பாவிடம் ஒரு பழைய வெள்ளை பியட் இருந்தது. அதை ரேஸ் வண்டியாக்க அத்தையும் பாரூக்கும் இரண்டு வருடம் அதிலேயே குடியிருந்தார்கள். மெட்ராஸ் பக்கம் பழைய விமான ஓடுதளம் ஒன்றில் பிப்ரவரியில் கால் மைல் ரேஸ். அத்தைக்கு அதில் ஓட்ட வேண்டும். அப்பா ஒரு நிபந்தனை போட்டார்.

"இருவத்திரண்டாந் தேதி ஞாயித்துக்கெழமைக்குள்ள, முடிக்கறப்ப நூத்திப்பத்துத் தாண்டோணும். தாண்டுனா நீயே ஓட்டு. இல்லீன்னா வண்டி நூல் மூட்டை ஏத்தப் போகும்."

அத்தை சரி என்றார். முடிக்கும்போது என்ன வேகம் என்பதுதான் கணக்கு என்று பாரூக் சொல்வார்: "கெளம்பற வேகம் டயரும் கிளட்சும் சொல்றதுங்க. முடிக்கற வேகம் இஞ்சின் சொல்றதுங்க."

அதை அளக்க அத்தை ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். பொங்கலூர் பக்கம், வராமலே போன ஒரு மில்லுக்காகப் போட்ட நேரான தார் ரோடு கிடந்தது. ஆடு மேய்ப்பவர்களைத் தவிர யாரும் வரமாட்டார்கள். நிட்டிங் மிஷினில் நூல் அறுந்தால் மிஷினை நிறுத்த ஒரு ஸ்விட்ச் உண்டு. அதில் இரண்டைக் கழற்றி, கால் மைல் முடியும் இடத்தில் நாற்பது மீட்டர் இடைவெளியில் வைத்து, ரோட்டுக்குக் குறுக்கே நூல் கட்டினார். கார் முதல் நூலை அறுத்தால் கடிகாரம் ஓடும், இரண்டாவதை அறுத்தால் நிற்கும். கடிகாரம் ஒரு பள்ளிக்கூட லேபில் இரவல் வாங்கியது. இரண்டு வருடம் வடக்கே சுற்றிவிட்டு வந்து ஊரில் கால் தரிக்காமல் இருந்த எனக்கு அதைப் பார்த்துச் சொல்லும் வேலை. 1.31 செகண்டுக்குக் கீழே வந்தால் மணிக்கு நூற்றிப்பத்து கிலோமீட்டர்.

பாரூக் இருந்தபோது 1.33 வரை வந்திருந்தது. இன்னும் ஒரு துளிதான்.

மாட்டுப் பொங்கலன்று ஓட்டினார். 1.47. மறுபடி, 1.47. தொண்ணூற்றெட்டுதான்.

"பாரூக் போனதும் வண்டிக்கு ஏக்கம்," என்றார் அப்பா. உள்ளுக்குள் அவருக்கும் வருத்தம்தான். ஆனாலும் மூட்டை ஏற்றப் பின் சீட்டை எந்தப் பக்கம் கழற்றுவது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரம் அத்தை மிஷின் வேலை முடிந்ததும் காரடியில் படுத்துக்கொண்டார். பிரேக் பிடித்திருக்கிறதா என்று ஜாக்கி வைத்துச் சக்கரத்தைச் சுற்றினார். நன்றாகவே சுற்றியது. கிளட்ச் வழுக்கவில்லை. பெட்ரோல் குழாயை ஊதிப் பார்த்தார், அடைப்பில்லை. கிளம்பி முதல் நூறு மீட்டரைக் கடக்கும் நேரம் பாரூக் காலத்தில் இருந்தபடியே இருந்தது. போகப் போகத்தான் இழுவை இல்லை.

இருபத்திரண்டாம் தேதி காலை அப்பாவும் மாமாவும் ரோட்டுக்கு வந்திருந்தார்கள். முதல் ஓட்டம். 1.47.

அத்தை ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி வெயிலில் பிடித்தார். நாலும் அடுப்புக் கரியாய் இருந்தன.

"பெட்ரோல் அதிகம்னு அர்த்தமா?" என்றேன்.

"இல்லாட்டி காத்துப் பத்துலீன்னு அர்த்தம் கண்ணு."

கார்ப்பரேட்டர் காற்று இழுக்கும் வாயில், பஞ்சும் தூசியும் போகாமலிருக்கப் பாரூக் பனியன் துணி கட்டியிருந்தார். தினமும் கண்ணில் பட்டதுதான். ஆனால் திருப்பூரில் யார் துணியைச் சந்தேகப்படுவார்கள்? அத்தை அதை இரண்டு விரலால் தேய்த்தார். முகம் மாறியது. அவிழ்த்து உதறி, தன் மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு ரோட்டில் நடக்க ஆரம்பித்தார். பிறகு ஓடினார்.

"ஏ புள்ள, ரேஸ் வண்டிக்கா உனக்கா?" என்று அப்பா கத்தினார். மாமா சிரிக்கவில்லை. நூல் கண்டைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தபடி நின்றார்.

அத்தை இருநூறு மீட்டர் ஓடித் திரும்பி வந்து, துணியைப் பிடுங்கிவிட்டு, முழங்காலில் கை ஊன்றி மூச்சு வாங்கினார்.

"நடக்கறப்ப ஒண்ணுமே தெரியிலீங்ணா. ஓடுனா உசிரு போகுது. வண்டிக்கும் அதேதானுங்க." துணியை விரித்தார். "இது பாரூக் கட்டுன மெல்லிசுத் துணி இல்ல. இன்டர்லாக், கனத்த துணி, அதுவும் ரெண்டு மடிப்பு. நம்ம நாலாம் நம்பர் மிஷின்ல ஓட்டுனது. யாரு கட்டுனது?"

அப்பா வேலியைப் பார்த்தார்.

"ஏனுங்ணா?"

"பொங்கலுக்கு யூனிட்ல எல்லார்த்துக்கும் புதுத்துணி எடுத்துக் குடுத்தனல்ல. வண்டிக்கு மட்டும் பழச உட்டா நல்லாவா இருக்குது?" அப்பாவின் குரல் இறங்கிவிட்டது. "எக்ஸ்போர்ட் குவாலிட்டி அது. கெனடாவுக்குப் போறது."

"கெனடாக்காரன் அத மூக்குல கட்டிட்டு ஓடமாட்டானுங்ணா!"

நான் சிரித்ததில் கடிகாரம் கீழே விழப்பார்த்தது. துணி இல்லாமல் ஓட்டக்கூடாது, மண் உள்ளே போகும். மெல்லிசுக்கு எங்கே போவது? மாமா சட்டையைக் கழற்றினார். உள்ளே பனியன், மூன்று வருடம் துவைத்தது. வெயிலில் பிடித்தால் அந்தப் பக்கம் மேயும் ஆட்டை எண்ணலாம். அத்தை அதைக் கிழித்து ஒற்றையாகக் கட்டினார். பிளக்கைத் தேய்த்து மாட்டினார். தை மாதக் காற்றில் மாமா வெறும் உடம்போடு போய் நூல் கட்டினார்.

இந்த முறை சத்தமே வேறு. நூல் இரண்டும் அறுந்தது கண்ணுக்குத் தெரியவில்லை. முள்ளைப் பார்த்தேன். நம்பாமல் அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

1.29.

"நூத்திப்பதினொண்ணு!" என்று முதலில் கத்தியவர் அப்பாதான். காருக்குப் பின்னால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் ஓடிய ஓட்டத்தை யாரும் அளக்கவில்லை.

பிப்ரவரியில் அத்தை ஓட்டினார். இருபத்திமூன்று கார்களில் ஏழாவது. மாமாவின் பனியன் அப்படியே இருந்தது. அதற்குப் பிறகும் நாலு வருடம் ஓட்டினார். மூட்டை ஏற்ற அப்பா வேறு வேன் வாங்கினார்.

1992 ஆனியில் நான் மறுபடி ஒரு சுற்று முடித்து ஊர் வந்திருந்தேன். சவூதியில் பாரூக்கோடு வேலை பார்த்த அவிநாசிக்காரர் ஒருவர் லீவில் வந்து, யூனிட்டுக்கு ஒரு கேசட் கொண்டுவந்து கொடுத்தார். பாரூக் சவூதி போன இரண்டாம் வாரமே பேசிப் பதிந்து கொடுத்துவிட்டது. அப்போது அந்த அவிநாசிக்காரரின் லீவு ரத்தாகி, கேசட் அவருடைய பெட்டியடியில் மூன்று வருடம் கிடந்துவிட்டதாம். மிஷினை நிறுத்திவிட்டு எல்லோரும் டேப்பைச் சுற்றி உட்கார்ந்தோம். அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"முத்தாத்தா அக்கா, நல்லா இருக்கறீங்களா? ஸ்டேஷன்ல சொல்ல வந்தனுங்க, அண்ணன் பக்கத்துல நின்னாரு. வண்டி கடைசில இழுக்கலீன்னா கார்ப்பரேட்டர் துணியப் பாருங்க. ஆயுத பூசைக்கு அண்ணன் கனமாக் கட்டுனாரு, தீபாவளிக்கும் கட்டுனாரு. ரெண்டு தடவையும் அடுத்த நாளே நான் கழட்டி மெல்லிசு போட்டுட்டனுங்க. பொங்கலுக்கும் கட்டுவாரு. ஆசைல செய்யறாரு, பாவம். அண்ணங்கிட்டச் சொல்லீறாதீங்க அக்கா."