காடியாகாத கள்

பாளையம் சந்தைக்குப் பின்னால் குடியிருந்த ஞானபாய் அதிர்ந்து பேசாதவள். ஜெபக்கூட்டத்தில்கூட முணுமுணுப்பாள், கர்த்தருக்குக் கேட்டால் போதும் என்பாள். அவள் புருஷன் தாசையன் தம்பானூரில் ரயில்காரர்களுக்குத் தச்சுவேலை செய்தவன். குடியினால் வேலையும் போய், வீட்டுப் பாத்திரமும் போனது. அந்த வருஷ ஈஸ்டரில் சபைக்கு முன்னால் எழுந்து நின்று, இனித் தொடுவதில்லை என்று பொருத்தனை பண்ணினான். வேலை திரும்பக் கிடைத்தது. அவன் சிரிப்பும் திரும்பி வந்தது. அதை எந்தக் காற்று வந்து அணைக்குமோ என்று அவளுக்கு எந்நேரமும் பயம்.

அந்தச் சமயத்தில் பினாங்கிலிருந்து அவள் தம்பி தங்கையன் லீவில் வந்தான்.

"அக்கா, அங்க சீனாக்காரன் பன்னியெறச்சிய இனிப்பும் புளிப்புமா வைப்பான். நம்ம ஆளுக்கு வருமா?"

"ஏன் வராது? சனியாச்ச சாயங்காலம் சாப்பிட வா," என்றாள்.

இனிப்புக்குக் கருப்பட்டி இருந்தது. புளிப்புக்குக் காடி வேண்டும். கள்ளைப் புளிக்கவைத்தால் காடி. மரம் ஏறுகிறவர் வீட்டில் போய்க் கேட்டாள்.

"உபதேசியார் மவளுக்குமா கள்ளு? சபை இடிஞ்சு விழப்போவுது!" என்று அந்த வீட்டுக்காரி கேலி பண்ணினாள்.

கள் வாடையே அண்டாத உபதேசியார் வீட்டில் வளர்ந்தவள் ஞானபாய். மாவு புளிக்கிற கணக்குத்தான் அவளுக்குத் தெரிந்த கணக்கு. ஜாடியின் வாயைத் துணியால் கட்டி, விறகுக்குப் பின்னால் இரண்டு நாள் மறைத்து வைத்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் இறைச்சி நல்லமிளகோடு வெந்துகொண்டிருந்தது. வேலை சீக்கிரம் முடிந்து வந்த தாசையன், விறகு எடுத்துத் தருகிறேன் என்று பின்புறம் போனான். போனவன் வரவில்லை. அவள் எட்டிப் பார்த்தாள். ஜாடி அவன் கையில் இருந்தது.

"என்ன பிள்ளே இது?"

"காடி. கறிக்கு."

அவன் துணியை அவிழ்த்தான். மூக்கருகே கொண்டுபோனான். கண் தானாக மூடியது. தொண்டைக்குழி ஏறி இறங்கிற்று. பிடுங்கலாமா என்று அவள் கை பரபரத்தது. பிடுங்கினால் நம்பவில்லை என்றாகும். பிடுங்காவிட்டால்?

"இது காடியில்ல. கள்ளு. நல்ல மூத்த கள்ளு. காடியாவ இன்னும் மாசம் பிடிக்கும்."

"சத்தியமாட்டு எனக்குத் தெரியாதுங்க."

"ஒனக்கு எப்பிடித் தெரியும்?" ஜாடியை மெல்லத் தரையில் வைத்தான். "நீ கொண்டு ஊத்து. எனக்க கையால முடியாது. ஊத்துகத நான் பாக்கவும் மாட்டேன்."

"எங்க போறீங்க?"

"புளிப்பு வேண்டாமா கறிக்கு?"

தோளில் துண்டோடு இறங்கிப் போனான். அந்த வழியில்தான் கள்ளுக்கடை.

ஜாடியை வாழைமூட்டில் கவிழ்த்தாள். சாம்பல் போட்டுக் கையைத் தேய்த்தாள், வாடை போகவில்லை. சட்டியில் தண்ணீர் வற்றியது, ஊற்றினாள். மறுபடியும் வற்றியது. "கர்த்தாவே" என்று தொடங்கினாள். அடுத்த வார்த்தை வரவில்லை. நானே என் கையால் வீட்டுக்குள் கொண்டுவந்தேனே என்ற ஒன்றுதான் நெஞ்சில் திரும்பத் திரும்ப வந்தது. வெயில் சுவரைவிட்டு இறங்கிவிட்டது.

படலை திறக்கும் சத்தம். மடியில் காடிக்குப் பதில் பச்சைப்பசேலென்று புளிச்சிக்காயோடு அவன் நின்றான். மேலெல்லாம் எறும்பு கடித்த தடிப்பு.

"நாலு வீடு ஏறி எறங்கினேன். காய் நிக்கது ஒரே மரத்துல. அதுலயும் முழுக்க முசுறு."

அவன் அருகே வந்து குனிந்து வாயைத் திறந்தான்.

"மோந்து பாரு."

"வேண்டாங்க."

"பாரு பிள்ளே. இல்லேன்னா நீ ராத்திரி ஒறங்க மாட்டா."

அவள் மோந்துதான் பார்த்தாள். பச்சைக் காயின் புளிப்பு மட்டும் அடித்தது.

"ஒண்ணு கடிச்சேன், பல்லு கூசுது," என்றான். "சட்டுன்னு அரி. ஒனக்க தம்பி வர்ற நேரமாச்சு."