சகினாலியைப் பூகம்பம் என்று கூப்பிட்டோம்

எங்கள் கடை வரிசையில் யாருக்கும் பெயர் கிடையாது. பெற்றவர்கள் வைக்காமல் இல்லை. சந்தைக்கு வந்த அன்றே அது கழன்றுவிடும். பிஷ்கெக்கில் சரக்குப் பெட்டிகளையே கடைகளாக்கிக் கன்டெய்னர் சந்தை முளைத்த காலம் அது. பெரிய நாடு பல நாடுகளாக உடைந்து ஆபீஸ்கள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. படித்தவர்கள் கும்பல் கும்பலாக எங்கள் பக்கம் வந்தார்கள். புதிதாக ஒருவர் கன்டெய்னர் கதவைத் திறந்தால் முதல் கேள்வி, "என்ன படிச்சிருக்கீங்க?" என்பதுதான். சொல்கிற பதில்தான் அன்றிலிருந்து பெயர். செருப்பு விற்றவள் இசைப் பள்ளியில் படித்தவள், அதனால் பியானோ. கைவண்டி இழுத்தவன் சட்டம் படித்தவன், அதனால் வக்கீல். அது கேலி இல்லை. கேலி என்று சொல்கிறவர்களோடு நான் சண்டைக்கே போவேன். மூட்டை சுமக்கிறவனை அவன் படித்ததைச் சொல்லிக் கூப்பிட்டால் அவன் முதுகு கொஞ்சம் நிமிரும். பார்த்தவள் சொல்கிறேன்.

நான் அங்கே டீயும், கறி அடைத்த சம்சாவும் விற்றேன். பள்ளிக்கூடத்துப் படி ஏறாதவள்.

எனக்கு எதிர்க் கடையில் சாக்ஸ் விற்றவர்தான் பூகம்பம். நிலநடுக்கம் படித்தவர். பூமி எங்கே ஆடுகிறது, எப்படி ஆடுகிறது என்று அளக்கிற ஆபீஸில் இருந்தவர். ஒல்லியான மனிதர், டீயில் சர்க்கரையை மட்டும் அள்ளிப் போட்டுக்கொள்வார். அண்ணனைப் பைகே என்பதும் அக்காவை எஜே என்பதும் எங்கள் ஊர் வழக்கம். வக்கீல் தினமும் வண்டியை அவர் வாசலில் நிறுத்தி வம்பிழுப்பான்.

"பூகம்பம் பைகே, இன்னைக்கு ஆடுமா?"

"உன் வண்டி போற சத்தத்துலயே ஆடிடும் போல இருக்கு."

"ஆடுறதுதான் ஆடுது, அந்த வாடகை வசூல்காரன் நிக்கிற இடமாப் பாத்து ஆட வைங்களேன்."

"பூமி என் பேச்சைக் கேக்கும்னா நான் ஏன்டா சாக்ஸ் விக்கிறேன்?"

பூகம்பம் மனைவியை இழந்தவர். மலைக்கு அந்தப் பக்கம் ஊர். அங்கே ஒரே மகள், பாட்டி வீட்டில் வளர்ந்தாள். அவளைப் பொறுத்தவரை அப்பா இன்னும் அந்த ஆபீஸில்தான் வேலை பார்க்கிறார். சந்தையைப் பற்றி அவர் அவளிடம் வாய் திறக்கவே இல்லை. அந்தக் கோடையில் மகள் கல்லூரியில் சேர வருவதாக இருந்தது. என்ன படிக்கப் போகிறாளாம்? அதே நிலநடுக்கம்.

"வேண்டாம்னு சொல்ல வேண்டியதுதானே?" என்றேன்.

"எப்படி எஜே சொல்றது? சின்ன வயசுல நான்தான் அவளைத் தரையில காதை வச்சுக் கேக்கச் சொன்னேன்."

சாக்ஸ் பெட்டிகளுக்குப் பின்னால் கோட்டும் பேன்ட்டும் தேய்த்து மாட்டி வைத்திருந்தார். மகள் வருகிற அன்று அதைப் போட்டுக்கொண்டு ஆபீஸ் வாசலில் நிற்பாராம். அங்கிருந்தே அவளை அழைத்துப் போவாராம். "இந்த வாரம் வந்துருவா எஜே" என்றார் ஒரு காலையில். சொன்னவர் கையிலிருந்த டீக் கிண்ணம் நழுவியது. வாய் ஒரு பக்கம் கோணியது. அப்படியே சரிந்தார்.

வக்கீல் தன் கைவண்டியிலேயே அவரைக் கிடத்திச் சந்தை வாசல்வரை இழுத்துக்கொண்டு ஓடினான். அங்கிருந்து டாக்ஸி. ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டாள்: "பேர் என்ன?"

"பூகம்பம்" என்றான் வக்கீல்.

"விளையாட்டா? உயிர் போற நேரத்துல."

நான் அவனைப் பார்த்தேன், அவன் என்னைப் பார்த்தான். தினம் என் டீயைக் குடித்த மனிதர். பெயர் தெரியாது, ஊர் பெயர் தெரியாது, எந்தத் தெருவில் தங்கியிருந்தார் என்பதும் தெரியாது. பையில் சாவியும் மிட்டாயும்தான் இருந்தன. அவருக்கோ பேச்சு போய்விட்டது. கண் மட்டும் கதவைவிட்டு நகரவில்லை.

ஊரில் ஒரு மகள் இருக்கிறாள் என்றேன். "மகளுக்குச் சொல்லி அனுப்புங்க. ரொம்ப நேரம் தாங்காது" என்றாள் நர்ஸ். சொல்லி அனுப்ப ஊர் வேண்டும், ஊரைக் கண்டுபிடிக்கப் பெயர் வேண்டும். அன்று முழுதும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான் கதவை மறைத்தால் முகத்தைத் திருப்பி என்னைத் தாண்டிப் பார்ப்பார்.

மறுநாள் காலையில் வக்கீலும் நானும் அந்த ஆபீஸைத் தேடிப் போனோம். அங்கே இருந்தது ஒரு காவலாளி மட்டும். ஒல்லி மனிதர், நிறைய சர்க்கரை போடுவார் என்று அடையாளம் சொன்னேன்.

"சர்க்கரையா? நம்ம சகினாலி! குபாத் மகன் சகினாலி. என்ன இது, நேத்துதான் அவன் பொண்ணு வந்துச்சு. அப்பா எங்கேன்னு கேட்டுச்சு. மனசு கேக்காம உண்மையைச் சொல்லிட்டேன், கன்டெய்னர் சந்தையில ஏதோ கடை வச்சிருக்கான், அங்க போம்மான்னு. வரலையா?"

சந்தைக்கு ஓடினோம். "பியானோ, நேத்து ஏதாவது பொண்ணு வந்துச்சா?"

"வந்துச்சே. நீளப் பின்னல் போட்ட பொண்ணு. சகினாலின்னு யாரையோ கேட்டுச்சு. எல்லாரும் சொல்லிட்டோம், அப்படி யாரும் இங்க இல்லைன்னு. அது வரிசை வரிசையாப் போய்க் கேட்டுச்சு, பாவம். ஏன் எஜே?"

எதிரே பூட்டிக் கிடந்த சாக்ஸ் கடையைப் பார்த்தேன். பியானோவும் பார்த்தாள். செருப்புக் குவியல்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அந்தப் பெண் அப்பாவின் படிப்பைச் சொல்லிக் கேட்டிருந்தால் குழந்தைகூடக் கைகாட்டியிருக்கும். அவ்வளவு படித்த அப்பா இங்கே கடை போட்டிருக்கிறார் என்று சந்தைக்காரர்களுக்குத் தெரிய வேண்டாம் என்று அதை மறைத்திருக்கிறாள். அவர் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறாள், அவ்வளவுதான்.

பஸ் நிலையத்தில் அவளைக் கண்டுபிடித்தோம். ஊருக்குத் திரும்பும் வண்டிக்காகப் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். பெயர் பெகாயிம். "சகினாலி மகளாம்மா?" என்று கேட்டதும் எழுந்துவிட்டாள். அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்றேன். டாக்ஸியில் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "எல்லாரும் அவர் இல்லைன்னு சொன்னாங்களே, எம்மேல கோவமா இருக்காரா?"

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கட்டிலில் வேறொருவர் படுத்திருந்தார். நர்ஸ் என்னிடம் மெல்லச் சொன்னாள்: "விடிஞ்சு கொஞ்ச நேரத்துல போயிட்டார். கண்ணை நான்தான் மூடினேன். கதவுப் பக்கமே இருந்துச்சு." நர்ஸ் கடைசியாகச் சொன்னதை நான் பெகாயிமிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

மலை தாண்டி அவர் ஊருக்குக் கொண்டுபோனோம். வரிசையே கடையைச் சாத்திவிட்டு வந்தது. சாவுக்காக வழக்கப்படி போட்ட கம்பளிக் கூடாரத்துக்குள் பெண்கள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி வைத்தோம். எனக்கு ஒப்பாரி தண்ணீர் பட்ட பாடு. ஆனால் அன்று வாயைத் திறந்தால் பூகம்பம் என்றுதான் வருகிறது, அடக்கிக்கொண்டேன். பெகாயிம்தான் பாடினாள். "குபாத் மகன் சகினாலி, என் அப்பா சகினாலி" என்று அவள் ஒவ்வொரு அடியிலும் அந்தப் பெயரை வைத்துப் பாடப் பாட, பியானோ தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

பெகாயிம் கல்லூரியில் சேரவில்லை. பாட்டிக்கு வேறு யாரும் இல்லை, சோறு வேண்டும். இலை உதிர்கிற காலத்தில் வந்து அப்பாவின் கன்டெய்னரைத் திறந்தாள். இறந்தவர் துணிகளைக் கொடுத்துவிடுவதுதான் வழக்கம். மற்றதையெல்லாம் கொடுத்தாள், அந்தக் கோட்டை மட்டும் கொடுக்கவில்லை. சாக்ஸுக்குப் பின்னால் இன்னும் தொங்குகிறது.

வரிசைக்குள் அப்போது புதிதாக வந்த ஒருவர் அவளிடம் கேட்டார்: "என்னம்மா படிச்சிருக்க?"

"ஒண்ணும் படிக்கலை" என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. அங்கே படிக்காதவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். அதனால் எங்களை மட்டும் எல்லோரும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், என்னைச் சலாமத் எஜே என்றும் அவளைப் பெகாயிம் என்றும்.