படித்துவிட்டு வந்த கண்

கண் பரிசோதனை செய்கிற வேலைக்குக் கண் கூர்மையாக இருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். காது கொஞ்சம் மந்தமாக இருந்தால் போதும். சிதம்பரத்தில் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய ஒரு சின்னக் கண் மருத்துவமனையில் பவர் பார்த்துக் கண்ணாடிக்கு எழுதிக் கொடுப்பது என் வேலை. சனிக்கிழமைகளில் கடலூர் கிளைக்குப் போவேன். இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் ஒரே சுருதியில்தான் கத்துகிறார்கள். நீங்களும் எப்போதாவது ஒரு பிள்ளையை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போயிருந்தால், வாருங்கள், நாமெல்லாம் ஒரே கட்சி.

பெஞ்சில் நடந்த டியூஷன்

கீரப்பாளையத்திலிருந்து சேகர் என்பவர் மகள் யாழினியை அழைத்து வந்தார். நெல் அறுக்கும் மெஷின் ஓட்டுகிறவர், எங்கள் வாசலில் தலை இடிக்கும் உயரம். யாழினி இரண்டாம் வகுப்பு. கரும்பலகையைத் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கிறாள் என்று டீச்சர் சொல்லி அனுப்பியிருந்தார். நடுங்கிக்கொண்டேதான் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஆனால் வலது கண்ணை மறைத்துவிட்டு எதிரே திரையைக் காட்டியதும், எழுத்துகளை மேலிருந்து கீழ்வரை மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். பொடி எழுத்து வரிகூடத் தப்பவில்லை.

எனக்குச் சந்தேகம் வந்தது. பட்டனை அழுத்தி எழுத்துகளை மாற்றினேன். அவள் பழைய எழுத்துகளையே சொன்னாள். போதாக்குறைக்குப் பின்னாலிருந்து ஒரு கிசுகிசுப்பு அதே பழைய எழுத்துகளை எடுத்துக் கொடுத்தது. திரும்பினேன். சேகர் மின்விசிறியைப் பார்த்தார். கதவு திறந்திருந்ததால், வெளியே பெஞ்சில் காத்திருந்த நேரமெல்லாம் அப்பாவும் மகளும் திரையைப் பார்த்து மனப்பாடம் செய்திருக்கிறார்கள். டெஸ்ட் என்றால் பாஸ் பண்ண வேண்டாமா? சேகருக்கு என் மேல்தான் வருத்தம்.

“மாத்துவீங்கன்னா முன்னாடியே சொல்லணும் இல்ல மேடம். ரெண்டு பேரும் எவ்ளோ நேரமா படிச்சோம்.”

தண்ணி மாதிரிதான்

சிரித்து முடித்த பிறகு, புது எழுத்துகளைப் போட்டு ஒழுங்காகச் சோதித்தேன். யாழினிக்கு இடது கண்ணில் முதல் வரி மட்டும்தான் தெரிந்தது. அந்தக் கண் சோம்பேறியாகி, வலது கண்ணின் தயவில் காலம் தள்ளிக்கொண்டிருந்தது. இந்த வயதில் சரியான கண்ணாடி போட்டுப் பழக்கினால் அது பார்க்கக் கற்றுக்கொள்ளும். தள்ளிப்போட்டால் அப்புறம் எந்தக் கண்ணாடி போட்டும் பெரிய பயன் இருக்காது. பவரைத் துல்லியமாக அளக்கச் சொட்டு மருந்து விட்டாக வேண்டும்.

மருந்து விடுவது எங்கள் நர்ஸ் வசந்தா அக்கா. “ஒண்ணும் தெரியாது கண்ணு, தண்ணி மாதிரிதான் இருக்கும்” என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே வசனம் சொல்வார். யாழினிக்கு முன்னால் இருந்த பையன், அந்தத் தண்ணி பட்டதும் போட்ட சத்தத்தில் தெருவிலிருந்த ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்தார். அடுத்த நொடி யாழினி பெஞ்சுக்கு அடியில். அவ்வளவு பெரிய அறுவடை மெஷினை வயலில் திருப்புகிற சேகரால் அவளை அசைக்க முடியவில்லை. அடியிலிருந்து குரல் மட்டும் வந்தது.

“தண்ணிதானே, நீங்களே ஊத்திக்கங்க.”

வால் சரியில்லாத மீன்

அன்றைக்கு அவர்கள் மருந்து விடாமலே ஊருக்குப் போய்விட்டார்கள். அந்தக் கவலையோடுதான் சனிக்கிழமை கடலூரில் உட்கார்ந்திருந்தேன். கடற்கரைக் கிராமத்திலிருந்து ஒரு பையன் வந்தான். அம்மாவின் முந்தானைக்குள்ளிருந்து தலையையே வெளியே நீட்டவில்லை. எழுத்து தெரியாத வயது, ஆகவே படங்களைக் காட்டினேன். யானைக்குப் பதில் இல்லை. குடைக்குப் பதில் இல்லை. மீன் வந்ததும் முந்தானை விலகியது.

“இது என்னா மீனு?” என்றான். மீன்தான் என்றேன். “வஞ்சிரமா, பாறையா? வாலு ஏன் இப்பிடி இருக்குது?” அவசரமாகப் படத்தை மாற்றினேன். அப்புறம் படகு வந்தது, இன்ஜின் எங்கே என்றான். குற்றம் கண்டுபிடிக்கிற குஷியில் கடைசி வரிப் பொடிப் படம் வரைக்கும் இறங்கி, மருந்தும் விட்டுக்கொண்டான். நாம் கேள்வி கேட்டால்தான் பிள்ளை நடுங்குகிறது, அது நம்மைக் கேள்வி கேட்க ஆரம்பித்தால் பயம் இடம் மாறிவிடுகிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. போகும்போது என்னிடம் சொல்லிவிட்டுப் போனான்.

“இந்த மீனு வலையில மாட்டுனா எங்கப்பா திரும்பக் கடல்லயே வுட்டுருவாரு.”

டாக்டர் யாழினி

சேகருக்கு போன் போட்டுக் கெஞ்சி வரவழைத்தேன். இந்தத் தடவை என் நாற்காலியில் யாழினி, அவள் கையில் என் டார்ச். நோயாளி நான். எங்கள் டாக்டர் தலையில் அடித்துக்கொண்டு, என் கண்ணைச் சோதித்துவிட்டு, ஒரே ஒரு கண்ணுக்கு அனுமதி கொடுத்திருந்தார். “அதே பாட்டிலா?” என்று யாழினி வாங்கிப் பார்த்தாள். வசந்தா அக்கா என் கண்ணில் ஒரு சொட்டு விட்டார். இத்தனை வருஷமும் அடுத்தவர் கண்ணில்தான் அதைப் பார்த்திருக்கிறேன். சுரீரென்றது.

“எரியுதா?” டார்ச் அடித்து விசாரித்தாள். “எரியுது. கொஞ்ச நேரத்துல சரியாயிடும்” என்றேன். தன் வசனம் போச்சே என்று வசந்தா அக்கா முறைத்தார். சேகர் கதவு வரை பின்வாங்கியிருந்தார். யாழினி மட்டும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கண்ணைத் திறந்து சிரித்ததும் இறங்கி வந்து, தானாகவே நோயாளி நாற்காலியில் ஏறி முகத்தை நிமிர்த்தினாள். கண்ணுக்கு ஒரு சொட்டு. வாய் கோணியது, கத்தவில்லை. மருந்தின் புண்ணியத்தில் அன்று சாயங்காலம் வரை நான் எழுதியது எனக்கே மங்கலாகத் தெரிந்து, வசந்தா அக்காதான் படித்துக் காட்டினார். யாழினியோ கன்னத்தைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னாள்.

“எரியும்னு சொன்னீங்க. அவ்ளோலாம் எரியல.”

தடுமாறிச் சொன்ன எழுத்து

கண்ணாடி வந்தது. சோம்பேறிக் கண்ணுக்கு வேலை கொடுக்க, தினமும் கொஞ்ச நேரம் நல்ல கண்ணை ஒட்டுப் போட்டு மூட வேண்டும். மகளுக்குத் துணையாகச் சேகரும் ஒரு கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு டிவி பார்த்தாராம். சில மாதம் கழித்து வந்தார்கள். நான் முதல் வேலையாக அறைக் கதவைச் சாத்தினேன். புதுசாக எழுத்துகளைப் போட்டு வலது கண்ணை மறைத்தேன்.

முதல் வரி. இரண்டாவது. மூன்றாவது வரியில் நின்றாள், முகத்தைச் சுருக்கினாள், சரியாகச் சொன்னாள். மனப்பாடம் செய்தவள் கடகடவென்று சொன்னாள். பார்க்கிறவள் தடுமாறித் தடுமாறிச் சொன்னாள். அந்தத் தடுமாற்றம் எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. நாலாவது வரியும் வந்தது. எடுத்துக் கொடுத்துவிடாமல் இருக்கச் சேகர் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டு நின்றார், கண்ணெல்லாம் தண்ணீர். என் கண்ணும் நிறைந்தது, அன்றைக்கு மருந்து மேல் பழி போடவும் வழியில்லை. எதற்கு அழுகிறோம் என்று தெரியாமல் யாழினி எனக்குச் சமாதானம் சொன்னாள்.

“நெஜமா மேடம், இன்னைக்கு படிச்சிட்டு வரல. பாத்துதான் சொன்னேன்.”

ஆக, பிள்ளைகளின் பயத்தைப் போக்க நான் கண்டுபிடித்த வழி இதுதான்: மருந்து எரியும் என்று உண்மையைச் சொல்லிவிட வேண்டும், மீன் படத்தை மாற்ற வேண்டும், அப்பாக்கள் பெஞ்சில் இருக்கும்போது கதவைச் சாத்தி வைக்க வேண்டும்.