ஜாலான் புசாருக்கு அந்தப் பக்கம்

வாசகரே, உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன், நடுவராக அல்ல. நடுவர் ஒருவரால் பட்டது போதும்.

எங்கள் அத்தாவின் பரோட்டா கடை, ஜாலான் புசார் சாலையைக் கடந்தவுடன் வரும் சந்தில் இருக்கிறது. அந்தச் சந்து லிட்டில் இந்தியாவைச் சேர்ந்ததா என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். அதற்கும் அப்பால் எழும்பும் அடுக்குமாடி வீடுகளை விற்கும் முகவர்கள், 'லிட்டில் இந்தியாவில் குடியேறுங்கள்' என்று தோ பாயோவில் உள்ள எங்கள் வீட்டுத் தபால் பெட்டி வரைக்கும் விளம்பரத் தாள் போடுகிறார்கள். வீடு விற்கும்போது நீள்கிற எல்லை, பரோட்டா விற்கும்போது மட்டும் சுருங்கிவிடுகிறது.

தீபாவளிக்கு முன் வட்டாரக் கடைக்காரர்கள் சேர்ந்து, சுற்றிப் பார்க்க வருவோருக்காக ஒரு வரைபடம் அச்சிடுவார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறவர்கள்தாம் எங்கள் கடையின் மத்தியான வியாபாரம். சென்ற ஆண்டு வரை அதில் எங்களுக்கும் இடமிருந்தது. இந்த ஆண்டு, லிட்டில் இந்தியாவைத் தேக்கா என்றே அழைக்கும் சிராங்கூன் சாலைக் கடைக்காரர்கள், "தேக்கான்னா தேக்காதான், ஜாலான் புசாரோட முடிஞ்சுது" என்று கிளம்பினார்கள். கூட்டம் போட்டும் தீரவில்லை. கடைசியில், விழா மேடையில் பட்டிமன்றம் வைப்போம், நடுவர் சொல்வதே முடிவு என்று கைதட்டி ஒப்புக்கொண்டார்கள். ஒரு பேட்டையின் எல்லையைப் பட்டிமன்றத்தில் தீர்த்துக்கொள்ளும் துணிச்சல் நம்மவர்களைத் தவிர வேறு எவருக்கு வரும்?

பல்கலைக்கழகச் சொற்போர்களில் வென்றவன் என்பதால் என்னையும் அழைத்தார்கள். அத்தாவின் கடைக்காக வாதாடலாம் என்றே போனேன். ஆனால் அந்த மேடையில் சீட்டெடுத்துத்தான் அணி பிரிப்பது வழக்கம். எனக்கு வந்த சீட்டில் 'ஜாலான் புசாரோடு முடிகிறது' என்றிருந்தது.

"அண்ணே, எங்க அத்தா கடையே அந்தப் பக்கம்தான் இருக்கு. மாத்திக் குடுங்க," என்று ஏற்பாட்டாளரிடம் கேட்டேன். அவர் நகைக்கடைக்காரர்; சிரித்தார்.

"பட்டிமன்றம்தானே லா! விழுந்த பக்கம் பேசத் தெரியாதவனா நீ?"

எந்தப் பக்கம் நின்றாலும் வெல்வதற்கே பயின்றவன் நான். அந்தக் கேள்விக்குப் பின் இறங்கிப் போவது என்னால் ஆகாது.

"அவையோரே! ஜாலான் புசாரைத் தாண்டியும் தேக்காதான் என்றால், சாங்கியில் விமானம் இறங்கியதுமே தேக்கா வந்துவிட்டது என்பீர்களா?" என்று தொடங்கினேன். அரங்கம் அதிர்ந்தது. எதிரணிப் பெண் நியாயத்தைத்தான் பேசினார்; ஆனால் தாளைப் பார்த்துப் பேசினார். தீர்ப்பு எனக்கே.

அடுத்த வாரம் வரைபடம் வந்தது. ஜாலான் புசாரோடு தெருக்கள் நின்றுவிட்டன. அதற்கப்பால் வெறும் வெள்ளை. நகைக்கடைக்கு ஓடினேன்.

"நீதானே தம்பி சொன்ன? என்னமா பேசுன!"

"அது எனக்கு விழுந்த சீட்டு, அண்ணே. என் கருத்து இல்ல."

"அதெல்லாம் எங்களுக்கு எப்படித் தெரியும்? இந்த வருஷத்துது அச்சாயிடுச்சு லா. தீபாவளி முடிஞ்சு உறுப்பினர் கூட்டம் இருக்கு, அதுல வந்து சொல்லு."

உண்மைக்குக் கொடுக்காத மரியாதையை ஒரு வேடிக்கைப் பேச்சுக்குக் கொடுத்துவிட்டு, அவர் அடுத்த வாடிக்கையாளரிடம் திரும்பிவிட்டார். எரிச்சலோடு சாலையைக் கடந்து எங்கள் கடைக்கு வந்தேன். மத்தியானத்தில் பாதி மேசைகள் காலி. வழக்கமாக வரும் டாக்சிக்காரர் தேநீரை வைத்துவிட்டுக் கேட்டார்:

"வாங்க பேச்சாளரே! எல்லை தாண்டி வர்றீங்களே, பாஸ்போர்ட் கொண்டாந்தீங்களா?"

அத்தா மாவை வீசிக்கொண்டே சொன்னார்: "நல்லாத்தான் பேசுன. நானே கைதட்டிட்டேன். அப்புறம்தான் நம்ம கடையாச்சேன்னு தோணுச்சு."

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் பதிலுக்கு வாதாடியிருப்பேன். கல்லருகே போய், டாக்சிக்காரருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னேன்:

"அத்தா, உறுப்பினர் கூட்டத்துக்கு நான் போறேன். உங்க மகனாத்தான் பேசுவேன். நம்ம கடை அந்தப் படத்துல திரும்ப வர்ற வரைக்கும் வேற எந்த மேடையும் ஏற மாட்டேன்."