நாம் என்று வாசித்தேன்

அப்பாவின் காரியம் முடிந்ததும் அண்ணன் கனடாவுக்குத் திரும்பிவிட்டான். பத்து நாள் கழித்து, அண்ணன், தம்பி, நான் என எங்கள் மூவருக்குமான வாட்ஸப் குழுவில் ஆங்கிலத்தில் ஒரு வரி போட்டிருந்தான். ஆவணியில் வரும்போது ‘வீ வில் டிவ்வி அப் த லேண்ட்’ என்று.

குத்தாலத்தில் ஒரு பள்ளியில் இருபது வருடமாக ஆங்கிலம் நடத்துகிறேன். ‘டிவ்வி அப்’ எனக்குத் தெரியவில்லை. ஆசிரியர் அறையில் யாரையும் கேட்கக் கூச்சப்பட்டு, போனில் தேடினேன். பேச்சு வழக்கில், ஒன்றைப் பங்கு போட்டுக்கொள்வது என்று இருந்தது. நண்பர்கள் கேக்கைப் பிரித்துக்கொள்வதை உதாரணமாகக் கொடுத்திருந்தார்கள். படித்ததும் மனசு லேசானது. சண்டைக்காரச் சொல் இல்லை என்று தோன்றியது. சரி என்று கட்டைவிரல் போட்டேன்.

அப்பா படுக்கையில் கிடந்த நாலு வருடமும் அந்த மூன்று ஏக்கரை நான்தான் பார்த்தேன். தம்பி சென்னையில் இருந்தான், தீபாவளிக்கு வருவான். நாற்றங்காலுக்கும் நடவுக்கும் ஆள் பேசியது நான். கொள்முதல் நிலையத்தில், நெல்லில் ஈரம் இருக்கிறது என்று திருப்பி அனுப்பியபோது, மூன்று நாள் ரோட்டில் கொட்டிக் காயவைத்ததும் நான். வாய்க்கால் ஓரத்துத் துண்டு மட்டும் கிடைத்தால் போதும் என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

ஆவணியில் இருவரும் வந்தார்கள். பத்திரம் எழுதுபவரிடம் போனோம். அவர் வாசித்தார். நிலம் இரண்டு பாகமாக இருந்தது. என் பெயர் தனியாக, பங்கு வேண்டாம் என்று எழுதிக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் என்ற இன்னொரு தாளில் இருந்தது.

“அண்ணே, நீ குரூப்ல போட்டதுல நான் இல்லையா?”

“உனக்குத்தான் கல்யாணத்தப்பவே அப்பா எல்லாம் செஞ்சிட்டாரேம்மா” என்றான். கோபமே இல்லாமல், வகுப்பில் மக்குப் பிள்ளைக்கு விளக்குவதுபோலச் சொன்னான். தம்பி போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆங்கிலத்தில் நாமும் நாங்களும் ஒரே சொல்தான். வருடா வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது. தெரியாத சொல்லைத் தேடிப் படித்தவள், தெரிந்த சொல்லில் ஏமாந்தேன்.

அண்ணன் டீ குடிக்க வெளியே போனபோது, பத்திரம் எழுதுபவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“உங்களுக்கும் சமபங்கு உண்டுங்கம்மா. இஷ்டமில்லன்னா கையெழுத்துப் போட வேணாங்க.”

எனக்கும் தெரியும். ஆனாலும் போட்டேன். பதிவு அலுவலகத்தில் சம்மதம்தானா என்று கேட்டதற்கு, சம்மதம் என்றும் சொன்னேன். நிலத்தைக் கேட்டால் அண்ணனும் தம்பியும் இல்லாமல் போய்விடுவார்கள் என்று பயம். வெளியே வந்ததும் அண்ணன் என் தோளில் தட்டினான். அன்று மதியம் மூவரும் ஹோட்டலில் ஒன்றாகச் சாப்பிட்டோம்.

கார்த்திகையில் இருவரும் நிலத்தை விற்றார்கள். அதை எனக்குச் சொன்னது நடவுக்கு வரும் அம்மாள். குழுவில் ஒரு வரிகூட இல்லை.

தை பிறந்தது. அப்பா இருந்தவரை ஒரு வருடமும் தவறாத பொங்கல் சீர் வரவில்லை. போனும் வரவில்லை. என் வீட்டுக்காரர் கடைவீதிக்குப் போய் கரும்பும் மஞ்சள் கொத்தும் வாங்கி வந்து கூடத்தில் சாத்தி வைத்தார்.