செம்மண் மூட்டையும் செண்பகமும்

அரியலூரில் தண்ணீரைச் சும்மா ஓடவிட யாருக்கும் மனம் வராது. துணி துவைத்த தண்ணீர்கூட ஏதாவது ஒரு செடிக்குப் போய்ச் சேரும். அம்சவள்ளி வீட்டில் அது செண்பகத்துக்குப் போனது.

உடையார்பாளையத்தில் அவள் பிறந்த வீட்டு வாசலில் ஒரு செண்பக மரம் நின்றது. சாலையை அகலப்படுத்தியபோது அதை வெட்டிவிட்டார்கள். அதனடியில் முளைத்திருந்த ஒற்றைக் கன்றை மடியில் வைத்துப் பஸ்ஸில் கொண்டுவந்து கொல்லையில் நட்டாள். அம்மாவின் வாசனை என்று அவளுக்கு மிஞ்சியது அது மட்டும்தான்.

கன்று தோள் உயரத்துக்கு வளர்ந்தபோது இலைகள் மஞ்சளாகின. தாகம் என்று நினைத்து இன்னும் நாலு குடம் சோப்புத் தண்ணீரை ஊற்றினாள். கிளை நுனிகள் கருகின. சோறு பிசைந்த கையோடு கொல்லையைப் பார்த்து அழுதாள்.

தீபாவளிக்கு வந்த தம்பி அய்யம்பெருமாள் மரத்தடி மண்ணைக் கிளறினான். வெள்ளைப் பொருக்கு உதிர்ந்தது.

“அக்கா, மச்சான் சட்டைய எங்க தொவைக்கிற?”

“இந்தக் கல்லுலதான். ஏன்டா?”

“இந்த ஊரு மண்ணே சுண்ணாம்பு. மச்சான் குவாரியிலேர்ந்து கொண்டாறதையும் சேத்து ஊட்டியிருக்க. வெத்தல ஒண்ணுதான் பாக்கி.”

சமையலறை வாசலில் நின்ற வீரமுத்து சிரிக்கவில்லை. சுண்ணாம்புக்கல் குவாரியில் டிப்பர் ஓட்டுகிறவர் அவர். வீட்டுக்குச் சோறு போட்ட தூசி, மனைவியின் மரத்துக்கு விஷமாகிப் போயிருந்தது.

மறுநாளிலிருந்து அவர் குவாரிப் பக்கத்துப் பம்புசெட்டில் குளித்து, அங்கேயே துணியை அலசி, வெளுத்த மாற்றுச் சட்டையில் வீடு வந்தார்.

“என்னண்ணே, வேலைக்குப் போயிட்டு வரீங்களா, பொண்ணு பாத்துட்டு வரீங்களா?” என்று பக்கத்து வீட்டு லீலாவதி சீண்டினாள்.

லீவு கிடைத்தபோதெல்லாம் உடையார்பாளையம் போய், மச்சினன் தோப்புச் செம்மண்ணை மூட்டை கட்டித் தூக்கி வந்தார். மூட்டையைச் சமையலறை வாசலிலேயே இறக்கிவிடுவார். பழைய மண்ணை அள்ளிவிட்டுச் செம்மண்ணும் தொழுவுரமும் போடுவது அம்சவள்ளியின் வேலை.

“மரத்துக்கிட்டயே போட்டா என்னங்க? இடுப்பு ஒடியுது.”

“வேணாம் அம்சா. எம்மேல எங்கயாவது ஒட்டிட்டு இருக்கும்.”

குளித்து வந்த மனிதர் சொன்ன பதில் அது. அவள் மூட்டையைத் தானே மரத்தடிக்கு இழுத்துப் போனாள்.

மெல்ல மெல்லப் பச்சைத் துளிர் விட்டது. மரம் கூரையைத் தொட்ட இந்த ஆடியில், ஒரு விடியற்காலை கொல்லையெல்லாம் மணத்தது. இலைகளுக்கு நடுவே பொன்நிறத்தில் ஒரே ஒரு பூ. வீரமுத்து வந்து வாசற்படியிலேயே நின்றுகொண்டார்.

“கிட்ட வாங்க.”

“இங்கேர்ந்தே தெரியுது.”

அம்சவள்ளி போய் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். “உங்களத் தள்ளி நிறுத்திட்டுப் பூக்குற பூ எனக்கு எதுக்குங்க?”

அவர் குழாயடியில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். பிறகு எக்கிக் கிளையை வளைத்துப் பூவைப் பறித்தார்.

“மொதப் பூ சாமிக்குல்ல?”

“சாமி கோவிச்சுக்காது. வைங்க.” தலையைக் குனிந்து காட்டினாள்.

டிப்பர் ஸ்டியரிங் பிடித்த விரல்கள் அவள் கொண்டையில் இடம் தெரியாமல் தடுமாறின.

“கோணலா வச்சிட்டேன் போலருக்கு.”

“இருக்கட்டும்,” என்றாள் அம்சவள்ளி.